தெருச் சுவரில் ஓவியம்: வன்முறை நடந்த இடத்தில் முதன்முறை இறங்குவோருக்கு

ஒரு தெருவில் கொலை விழுந்திருக்கும். அல்லது கோயில் திருவிழாவில் தொடங்கிய தகராறு வெட்டுக்குத்தில் முடிந்து, இரண்டு தெருக்காரர்களும் ஒரே டீக்கடையில் நிற்காமல் ஆகியிருப்பார்கள். ‘ஏதாவது செய்யணும்’ என்று நாலு பேர் கூடும்போது யாராவது ஒருவர், ‘சுவத்துல எதையாவது வரைஞ்சா என்ன?’ என்று கேட்பார். அந்த ஒருவருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், கணக்கு நோட்டு வேண்டும், திட்டு வாங்கும் மனசு வேண்டும்.

பெயிண்ட் அடிப்பது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். என்ன வரைவது என்று ஊர் போடும் சண்டை மாதக் கணக்கில் இழுக்கும். புதிதாக இறங்குபவர்களுக்கு அந்தச் சண்டையை எப்படியாவது சீக்கிரம் அடக்கிவிட்டுச் சுவருக்குப் போய்விட வேண்டும் என்றுதான் தோன்றும். அடக்காதீர்கள். அரிவாளால் பேசிப் பழகிய இரண்டு தரப்பு, ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டு வாயால் சண்டை போடட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

பிலடெல்பியாவில் நடந்தது

இந்த வேலைக்கு நீண்ட அனுபவம் உள்ள ஊர் அமெரிக்காவின் பிலடெல்பியா. 1984-ல் மேயர் வில்சன் கூட், சுவரெங்கும் ஸ்பிரே பெயிண்டில் கிறுக்கப்பட்டதைத் தடுக்க ஒரு திட்டம் தொடங்கினார். அதில் வேலைக்குச் சேர்ந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்கிய பையன்களையே கூப்பிட்டு உட்காரவைத்து ஓவியம் வரையப் பழக்கினார். 1996-ல் அது ‘மியூரல் ஆர்ட்ஸ்’ என்ற தனித் திட்டமாக மாறியது. இதுவரை அந்த நகரத்தில் 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அதன் வழியே வந்திருக்கின்றன.

நமக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை. கிரேஸ் ஃபெரி என்ற பகுதியில் 1997-ல் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே பெரிய பதற்றம் மூண்டது. அடுத்த ஆண்டு அங்கே ‘அமைதிச் சுவர்’ எழுந்தது. வரைந்தது மிக எளிய படம்: வெவ்வேறு தோல்நிறக் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். முகம் இல்லை, வாசகம் இல்லை. கை யாருடையது என்று தேடலாம், அடையாளம் கண்டு கிழிக்க முடியாது.

இன்னொன்று கடினமானது. 2004-ல் முடிந்த ‘ஆற்றும் சுவர்கள்’ திட்டத்தில், கிரேட்டர்ஃபோர்டு சிறையில் இருந்த ஆயுள் கைதிகளும், குற்றங்களில் தங்கள் பிள்ளைகளை, உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். சீசர் விவெரோஸ், பாரிஸ் ஸ்டான்சில் என்ற இரு ஓவியர்கள் முன்நின்றார்கள். தண்டனை, வருத்தம், மன்னிப்பு என்று எதிலும் இரு தரப்பும் லேசில் ஒத்துப்போகவில்லை. பறிகொடுத்த தாய்க்கு, கைதியின் மனமாற்றம் தன் மகனின் சாவைவிடப் பெரிதாகச் சுவரில் தெரிவதில் என்ன நியாயம்? முடிவில் ஜெர்மன்டவுன் அவென்யூவில் இரண்டு சுவர்கள் எழுந்தன: ஒன்று பாதிக்கப்பட்டவர்களின் பயணம், மற்றது கைதிகளின் பயணம். ஒத்துப்போகாததை ஒத்துப்போனதாகக் காட்டி ஒரே படத்தில் புறாவைப் பறக்கவிடாமல் விட்டதுதான் அதன் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

சிறைக்குள் இருப்பவர்கள் தெருச் சுவரில் எப்படி வரைந்தார்கள் என்று கேட்பீர்கள். ‘பாராசூட் துணி’ என்று அங்கே சொல்லும் மெல்லிய செயற்கைத் துணியில், சதுரம் சதுரமாகப் பிரித்து அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்து, பிறகு அதை வெளியே கொண்டுவந்து சுவரில் பசையால் ஒட்டினார்கள். இந்த முறை நமக்கும் உதவும். ஒரே இடத்தில் நிற்கத் தயாராக இல்லாத இரண்டு தெருக்கள் தங்கள் தங்கள் தெருவிலேயே உட்கார்ந்து வரையலாம், சேர்வது சுவரில்.

முதல் வேலை: அடிபட்டவர் வீடு

ஓவியரைத் தேடுவதற்கு முன், சுவரைத் தேடுவதற்கு முன், பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பாருங்கள். தனியாக, போட்டோ எடுக்காமல், கட்சிக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல். ‘இப்படி ஒரு யோசனை இருக்கு, உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடறோம்’ என்று சொல்லுங்கள். சொன்னால் விட்டுவிடவும் வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றை ஊர் ஒற்றுமை என்ற பெயரில் அவர்கள் வாசலுக்கு எதிரே வரைந்து வைப்பது இரண்டாவது அடி.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களை ‘சமாதானமா போயிடலாமே’ என்று அழுத்த இந்த ஓவியத்தை யாராவது பயன்படுத்தப் பார்ப்பார்கள். கண்டிப்பாகப் பார்ப்பார்கள். முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள்: கேஸ் கேஸாக நடக்கும், ஓவியம் ஓவியமாக நடக்கும்.

பாலியல் வன்முறை என்றால் இன்னும் கவனம். பாதிக்கப்பட்டவரின் பெயர், முகம், வீடு, பள்ளி என்று அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ‘நல்ல நோக்கத்துக்குத்தானே’ என்பது அங்கே எடுபடாது.

சுவர் பார்த்தல்

நல்ல சுவர் எது? பெரியதாக, மெயின் ரோட்டில், எல்லோரும் பார்க்கும்படி இருப்பது என்று தோன்றும். விளம்பரத்துக்கு அது சரி. இந்த வேலைக்கு, இரண்டு தரப்பும் தினமும் கடக்கும் சுவர் வேண்டும். ரேஷன் கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி, பஸ் ஸ்டாப், பள்ளிக் காம்பவுண்ட். ஒரு தரப்பின் தெருவுக்குள் இருக்கும் சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மற்றவர்கள் வந்து பார்க்கவே மாட்டார்கள்.

அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைவர் படமா, சங்கத்தின் பெயரா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரா? இருந்தால், எழுதியவர்களைத் தேடிப் போய்க் கேட்காமல் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் முகமூடியும் துப்பாக்கியுமாக ஆயுதக் குழுக்களைப் போற்றும் ஓவியங்கள் வீட்டுப் பக்கச் சுவர்களில் பல ஆண்டுகளாக இருந்தன. அவற்றுக்குப் பதில் வேறு ஓவியம் கொண்டுவர 2006-ல் அரசுப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கியபோது, ஒவ்வொரு சுவருக்கும் அந்தந்தப் பகுதி மக்களோடு பேசித்தான் மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் வரைவது என்றாலே அமைதி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

அனுமதி எழுத்தில் இருக்கட்டும். தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம். வாடகைக்கு இருப்பவர் சொன்னால் போதாது. பள்ளி என்றால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். நகரத்தில் மாநகராட்சி மண்டல அலுவலகம் அல்லது நகராட்சி. கிராமத்தில் ஊராட்சி மன்றத் தீர்மானம். கிராமசபையில் வைத்துப் பேசினால் இன்னும் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ரயில்வே சுவர், மின்வாரியச் சுவர் இரண்டிலும் முதல் முறையே கை வைக்காதீர்கள், அலைந்தே ஓய்ந்துவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். ஏற்பாட்டாளராகச் சேர்க்க வேண்டாம். போலீஸ் ஜீப் நிற்கும் இடத்துக்குப் பையன்கள் வர மாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வரும் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். நடத்தை விதி வந்துவிட்டால் சுவர் சம்பந்தமான எதற்கும் அதிகாரிகள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

பேச்சு

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூட்டாதீர்கள். முதலில் தனித்தனி: பெண்களோடு மதியம் இரண்டரை மூன்று மணிக்கு, வேலை முடிந்து தண்ணீர் வருவதற்கு முன். இளைஞர்களோடு சாயங்காலம், அவர்கள் வழக்கமாக உட்காரும் மதகிலோ கிரவுண்டிலோ, நீங்கள் போய். பெரியவர்களோடு கோயில் திண்ணையில் என்றால், அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

‘என்ன படம் வேணும்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லா ஊரிலும் புறா, கைகுலுக்கல், மரம், பாரத மாதா, திருவள்ளுவர். கேட்க வேண்டியவை வேறு. ராத்திரி எந்த இடம் வந்தால் நடை வேகமாகிறது? பிள்ளைகளை எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்கிறீர்கள்? முன்னே எல்லாரும் ஒன்றாகச் செய்த வேலை எது, அது எப்போது நின்றது? சார்ட் பேப்பரில் தெருவை வரைந்து விரித்து வைத்தால், பேசத் தயங்குபவர்களும் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். ஒரே முக்கில் பத்துப் பெண்கள் விரல் வைத்தால் ஓவியத்தைவிட முதலில் அங்கே ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று பொருள். அதற்கு மனு எழுதிக் கொடுங்கள்; விளக்கு எரிந்த பிறகு உங்கள் பேச்சுக்கு மதிப்பே வேறு.

பிறகு மாதிரி வரைபடம். இரண்டு மூன்று வகை, பென்சிலில். கலரில் கொண்டுபோனால் முடிவாகிவிட்டது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், உடைந்த அரிவாளிலிருந்து ஒரு செடி முளைப்பதுபோல் ஓவியர் வரைந்து வந்திருந்தார். இளவட்டங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மகனைப் பறிகொடுத்தவர், அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கவிழ்த்து வைத்தார். “ஒடச்சு வரைஞ்சாலும் அருவா அருவாதானேய்யா. தெனமும் கொடத்தத் தூக்கிக்கிட்டு நான்ல அதைத் தாண்டிப் போவணும்.” அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. அன்றிலிருந்து நான் போகும் எந்தக் கூட்டத்திலும் ஆயுதம் இருக்கும் மாதிரியை நானே முன்கூட்டி எடுத்துவிடுகிறேன், ஓவியருக்குக் கோபம் வந்தாலும்.

ஆயுதத்தை வைத்தே செய்த வேலைகளும் உலகில் உண்டு. மெக்சிகோவின் குலியாகான் நகரில் பெத்ரோ ரெயெஸ் என்ற கலைஞர், மக்கள் ஒப்படைத்த 1,527 துப்பாக்கிகளை உருக்கி 1,527 மண்வெட்டிகள் செய்து, மரம் நட வைத்தார். அங்கே துப்பாக்கி படமாக மிஞ்சவே இல்லை. உருகிப் போய்விட்டது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகமும் நிறமும்

இறந்தவர் முகத்தை வரையலாமா? குடும்பம் கேட்கும், மறுப்பது கஷ்டம். என் கருத்து: வேண்டாம். நம் ஊரில் சுவரில் ஒரு முகம் ஏறினால் அது தலைவர் ஆகிவிடும். பிறந்தநாளுக்கு மாலை, நினைவுநாளுக்கு ஊர்வலம், எதிர்த்தரப்பு சாணி. அவர் விரும்பியதை வரையலாம்: அவர் ஓட்டிய ஆட்டோவின் பின்பக்கம், வளர்த்த சேவல், போட்டிருந்த கபடி நம்பர். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நிறம் இன்னும் சிக்கல். தென் மாவட்டங்களில் மின்கம்பம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், ஊர்ப் பெயர்ப் பலகை என்று எங்கும் சாதிச் சங்கக் கொடியின் நிறம் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் யாருடைய கொடி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது என்றால், கயிற்றின் நிறத்துக்கே அவ்வளவு பொருள் இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆகவே வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பிலும் இளைஞர்களிடம் தனியாகக் காட்டுங்கள். ‘இது ரெண்டும் ஒட்டி வரக்கூடாதுண்ணே’ என்று அவர்களே சொல்வார்கள். ஓவியர் வெளியூர்க்காரர் என்றால் இதை அவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள்.

சாமி படம், கட்சித் தலைவர், நடிகர் மூன்றும் வேண்டாம். இதில் விவாதமே இல்லை.

ஓவியரும் கூலியும்

டிஜிட்டல் பேனர் வந்த பிறகு கையால் பேனரும் கட்அவுட்டும் எழுதிய எத்தனையோ ஓவியர்கள் தொழிலை விட்டுப் போனார்கள். பலர் இப்போது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பள்ளி வாசலில் பெயர் எழுதுகிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். நாற்பதடிச் சுவரில் அளவு பிசகாமல் ஒரு உருவத்தை ஏற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலை. கல்லூரியில் ஓவியம் படித்தவரை வடிவமைப்புக்கு வைத்துக்கொண்டு, இவரைச் சுவருக்கு வைத்தால் நல்ல ஜோடி.

கூலி கொடுக்க வேண்டும். ‘சமூக சேவைதானே’ என்று கேட்காதீர்கள். பெயிண்டைவிடக் கூலிதான் அதிகம் ஆகும், ஆகட்டும். வாய்ப்பிருந்தால், ஊரில் கேஸ் இருக்கிறது என்பதால் யாரும் வேலைக்கு எடுக்காத ஒன்றிரண்டு இளைஞர்களை உதவியாளாக, சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் சிறையிலிருந்து வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது அந்தத் திட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவாகவே இருக்கிறது.

ஸ்பான்சர் தர கம்பெனியோ பெயிண்ட் கடையோ முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். லோகோ ஒரு செங்கல் அளவுக்கு மேல் போகக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எந்தத் தரப்பைச் சேர்ந்த ஆளிடமும் தனியாகப் பெரிய தொகை வாங்காதீர்கள். வீட்டுக்கு இருபது ரூபாய் என்று இரண்டு தெருவிலும் வசூலித்தால் தொகை சொற்பம்தான். ஆனால் ‘எங்க காசு’ என்ற பேச்சு வரும். வரவு செலவை சுவருக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

சுவரைத் தயார் செய்தல்

ஓவியம் உரிந்து விழுவதற்குப் பெயிண்ட் காரணம் இல்லை, சுவர்தான் காரணம். உப்புப் பூத்த சுவர், கீழிருந்து ஈரம் ஏறும் சுவர், தண்ணீர்க் குழாய் கசியும் சுவர் வேண்டவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பாலிதீன் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் ஈரம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும்.

பழைய சுண்ணாம்பை வயர் பிரஷ் போட்டு முழுசாகச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் அடித்தால் முதல் மழைக்கே ஏடு ஏடாகக் கழன்று வரும். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலுக்கு வெளிச்சுவருக்கான பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட். அதன்மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷன். எனாமல் பளபளப்பாக இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். சிமென்ட் சுவரில் ஈரத்தை உள்ளே அடைத்துக் கொப்புளம் போடும்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும். 10 அடி உயரம், 30 அடி நீளம் என்றால் 300 சதுர அடி, ஆறு லிட்டர் அடிநிறம். மற்ற நிறங்களை வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் சாயக் கலவை) கலந்து எடுத்துக்கொள்ளலாம். ஊதா, இளஞ்சிவப்பு போன்றவை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி மண், மஞ்சள் மண் நிறங்கள் நிற்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை; தொடாதீர்கள். பொங்கல் முடிந்து மார்ச் வரை சரியான காலம். மேற்குப் பார்த்த சுவர் என்றால் காலையில் வேலை, கிழக்குப் பார்த்தது என்றால் மதியத்துக்கு மேல்.

வரையும் நாட்கள்

உருவத்தைச் சுவருக்கு மாற்ற மூன்று வழி உண்டு. கொத்தனார் போல நூலில் நீலம் தோய்த்து அடித்துக் கட்டம் போடலாம். இரவில் புரொஜெக்டர் போட்டுக் கோட்டை இழுக்கலாம். அல்லது பழைய பேனர்க்காரர் முறை: பெரிய தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளிப் புள்ளியாக இறங்கும். முதன்முறை செய்பவர்களுக்குக் கட்டம்தான் நல்லது. கட்டத்துக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண். அதே எண்ணைப் பெயிண்ட் டப்பாவில் எழுதி வைத்தால், பிரஷையே பிடித்திராத பாட்டியும் வந்து ‘ஏழு’க்கு ‘ஏழு’ போட்டுவிட்டுப் போவார். கடைசியில் ஓவியர் வந்து ஓரங்களைத் திருத்திக்கொள்வார்.

யாரை யார் பக்கத்தில் நிறுத்துவது என்று முன்பே யோசியுங்கள். வலுக்கட்டாயமாக ஜோடி சேர்க்க வேண்டாம். ஆனால் இரண்டு தெருவுக்கும் வேண்டிய பச்சையை ஒரே டப்பாவில் கலந்து வைத்தால் எப்படியும் ஒருவர் மற்றவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகள் தரையில் நின்று கை எட்டும் உயரம் மட்டும். சாரத்தில் பழகிய ஆள்தான் ஏற வேண்டும். மூங்கில் சாரம் என்றால் கட்டியவரையே தினமும் காலையில் கயிறு பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை எங்கே, யார் சமைப்பது? இது சமையல் பிரச்சினை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் சமைத்தால் மறு தெருவிலிருந்து சில பேர், ‘வயிறு சரியில்ல’ என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஹோட்டலில் வாங்கினால் அந்தச் சங்கடம் வராது, ஒன்றும் மாறவும் மாறாது. சுவருக்கு எதிரிலேயே அடுப்பு மூட்டி, இரண்டு தெருவிலிருந்தும் ஆள் போட்டு, அரிசி ஒரு தெரு, காய்கறி ஒரு தெரு என்று பிரித்துவிடுவது என் வழக்கம். முதல் நாள் தக்காளி சாதம் பாதி மிஞ்சும். மிஞ்சட்டும், கேட்காதீர்கள். மூன்றாம் நாள் பெரும்பாலும் பிள்ளைகள்தான் முதலில் தட்டை எடுக்கிறார்கள்.

திறப்பு

சின்னதாக. எம்.எல்.ஏ. வந்தால் வரவேற்கலாம், கல்வெட்டு வேண்டாம். பறை வைப்பதானால் அடிப்பவர்களைக் கேட்டு, மற்ற கலைஞருக்குத் தருவதைப் போலவே சம்பளம் பேசி, மேடையில் ஏற்றி வைக்க வேண்டும். கீழே நின்று அடிக்கச் சொல்வதாக இருந்தால் பறையே வேண்டாம். பெயர்ப் பட்டியல் எழுதுவதாக இருந்தால் அகர வரிசையில், இனிஷியலோடு மட்டும், பின்னொட்டு எதுவும் இல்லாமல்.

உதவி எண்களைக் கண் உயரத்துக்குக் கீழே ஓரமாக எழுதுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. நடுவில் பெரிதாக எழுதினால் வீட்டில் அடி வாங்கும் பெண் அதை நின்று படிக்க மாட்டார், யாராவது பார்ப்பார்கள் என்று.

எதை எதிர்பார்க்கலாம்

ஓவியம் வந்ததும் வெட்டுக்குத்து நின்றுவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பிலடெல்பியாவின் சுவரோவியங்களை யேல் பல்கலைக்கழகத்தினர் ஆய்வு செய்து 2015-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஓவியங்கள் வந்த இடங்களுக்கு அருகே வசித்தவர்களிடம், ‘அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள்’ என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை. அதே ஊரில் 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டது. குப்பையை அகற்றிப் புல்லும் மரமும் வைத்த மனைகளைச் சுற்றி, மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே சுவரோடு நிற்காமல் அதன் அடியிலிருக்கும் குப்பைமேட்டையும் புதரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

சென்னை கண்ணகி நகரையும் நினைவில் வையுங்கள். 2000-லிருந்து நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட இடம் அது. அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்ற நிலை இருந்தது. 2020-ல் மாநகராட்சியோடு சேர்ந்து ‘ஸ்டார்ட் இந்தியா’ (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பு அங்கே குடியிருப்புக் கட்டடங்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைந்தது. வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள், முகவரிக்கு வேறொரு பெயர் கிடைத்தது. நல்லதுதான். தண்ணீர், வேலை, பத்தடிக்குப் பத்தடி வீடு என்று அங்கிருப்பவர்கள் கேட்டதற்கு ஓவியம் பதில் ஆகாது, ஆக முடியாது. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். கூட்டத்தில் அது வந்தால், ‘இப்போ படத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்’ என்று வாயை அடைக்காமல் தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு

யாராவது கிறுக்குவார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள், ஒருநாள் சாணியும் விழலாம். கத்தாதீர்கள், போட்டோ எடுத்துப் பரப்பாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து வந்து சரிசெய்துவிட்டுப் போங்கள். மறுபடி ஒரு அசம்பாவிதம் நடந்தால், சுவருக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன் முதல் வேலையில் சொன்னபடி அந்த வீட்டுக்குப் போங்கள்.

மாதம் ஒருமுறை அதே குழு கூட வேண்டும், டீ மட்டும் போதும். அந்தத் தனி நோட்டைப் பிரித்து, எந்த மனு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூன்று ஆண்டில் ஒருமுறை திருத்தம் தேவைப்படும். வசூலில் ஒரு பகுதியைப் பேங்க் அக்கவுண்டில் இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்துப் போடும்படி வைத்துவிடுங்கள். மிச்சப் பெயிண்டைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவின் மூடியை இறுக அடைத்து, ஷேடு எண்ணையும் ஸ்டெய்னர் எத்தனை மில்லி கலந்தது என்பதையும் அதன்மேலேயே எழுதி, பாதியை ஒரு தெருவிலும் பாதியை மறு தெருவிலும் கொடுத்து வையுங்கள்.